பச்சைக் கோடு போட்ட வண்டி

சட்டம் வருவதற்கு முந்தின நாள் வரைக்கும் எங்கள் ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருந்தது.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அமீரகத்தில் ஒரு ஊர், அவ்வளவு போதும். என் தங்கச்சி இன்னும் அங்கேதான் டியூட்டி பார்க்கிறாள். வருஷம் 2008. எங்கே பார்த்தாலும் கிரேன், கிரேனுக்குக் கீழே ஆட்கள். ஆட்கள் விழுந்தால் தூக்கிக்கொண்டு போக எங்கள் கம்பெனி மாதிரி நாலைந்து தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனிகள்.

சட்டம் அவசர ஊர்திகளை மூன்று நிலைகளாகப் பிரித்தது. அதை எழுதினவர்கள் என்ன நினைத்து எழுதினார்களோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு வந்து சேர்ந்தது சேதுமாதவன் சார் படித்த சட்டம். அவர் எங்கள் கம்பெனியின் ஒழுங்குமுறை அதிகாரி. பாலக்காட்டுக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர். டீ கேட்டால்கூட மேடையில் நின்று கேட்பது மாதிரி கேட்பார்.

முதல் நிலை வண்டி ஆளைக் கொண்டுபோக மட்டும். அதற்குப் பச்சைக் கோடு. இரண்டாம் நிலை, அடிப்படைச் சிகிச்சை, நீலக் கோடு. மூன்றாம் நிலையில் டாக்டரே வருவார், சிவப்புக் கோடு. எங்கள் வண்டிக்குப் பச்சை அடித்தார்கள். பெயின்ட் காய்வதற்குள் ஸ்பேனரோடு வந்துவிட்டார்கள், தகுதிக்கு மேற்பட்ட கருவி வைத்திருப்பது குற்றமாம். ஆக்சிஜன் சிலிண்டரைக் கழற்றினார்கள். பி.பி. பார்க்கிற கருவி போனது. குளிர்விப்பது ஒரு சிகிச்சை என்பதால் ஐஸ் பெட்டி போனது. தண்ணீர் பாட்டில்களையும் எடுத்துவிட்டார்கள். நோயாளி மேல் ஊற்றிவிட வாய்ப்பு இருக்கிறதாம். டிரைவர் மூசா அண்ணனின் டீ ஃபிளாஸ்க் மட்டும் தப்பித்தது. சூடாக இருந்ததால்.

தெர்மாமீட்டருக்காக மூன்று நாள் கூட்டம் போட்டார்கள். முடிவை சேதுமாதவன் சார் அறிவித்தார்: முதல் நிலை ஊழியர் தெர்மாமீட்டரை வைக்கலாம், படிக்கக் கூடாது.

"அப்ப யாரு சார் படிக்கது?" என்று கேட்டேன்.

"அடுத்த நிலை வண்டி வந்து படிக்கும்."

"அதுவரைக்கும்?"

"வைத்த இடத்திலேயே இருக்கட்டும், ஜெனின்."

ஜெனின் நான்தான். நாகர்கோவிலில் நாலு வருஷம் பி.எஸ்.சி. நர்சிங், பிறகு இரண்டு வருஷம் ஐ.சி.யூ. அப்பா வள்ளத்தில் போகிறவர். அவர் வலையிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இங்கே வந்து லைசென்ஸ் பரீட்சையும் எழுதித் தேறியாயிற்று. சான்றிதழ் சரிபார்ப்பு பதினோரு மாதமாக நடந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரைக்கும் நான் நர்ஸ் இல்லை, 'உடன் பயணிப்பவர்'. உடன் பயணிப்பவருக்கு ஏழு செயல்கள் அனுமதி. கதவைத் திறப்பது ஒன்று. மூடுவது இன்னொன்று. ஆறாவது செயல், நோயாளிக்குத் தெரிந்த மொழியில் ஆறுதல் சொல்வது. ஆனால் ஆறுதலில் மருத்துவ உள்ளடக்கம் இருக்கக் கூடாது.

"'சரியாயிடும்'னு சொல்லலாமா சார்?"

"கூடாது. அது முன்கணிப்பு. மூன்றாம் நிலை."

"'பயப்படாதீங்க'?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "பயப்பட வேண்டியதில்லை என்று முடிவு செய்யப் பரிசோதனை தேவை. அது இரண்டாம் நிலை."

"பின்ன என்னதான் சொல்லட்டும்?"

"'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். அது உண்மை. நிரூபிக்கவும் முடியும்."

இப்படியாக நாங்கள் ஆகஸ்ட் மாதத்துக்குள் போனோம்.

அந்த வாரம் கண்காணிப்பு வாரம். சேதுமாதவன் சார் எங்கள் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, மடியில் விதிமுறைக் கோப்பை வைத்துக்கொண்டு, ஏசி காற்று வருகிற இரண்டு துளைகளையும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நாங்கள் சட்டத்தை மீறுகிறோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் ஒன்று ஐம்பதுக்குக் கன்ட்ரோல் ரூமுக்கு ஒரு அழைப்பு வந்தது. அந்தப் பேச்சை நான் பின்னால் விசாரணையில் ஒலிப்பதிவில் கேட்டேன். கன்ட்ரோல் ரூமில் தமிழ் அழைப்புகளை எடுக்கிறவர் அனந்தகிருஷ்ணன். பேசினவர் மணிகண்டன் என்று ஒரு கம்பி கட்டுகிற ஆள், கமுதிப் பக்கத்துக்காரர்.

"வணக்கம். உங்களுக்கு எந்த நிலை வாகனம் தேவை?"

"சார், எங்க மச்சான் விழுந்துட்டாரு சார். உடம்பு கொதிக்குது. என்னென்னமோ பேசுறாரு."

"நிலையைச் சொல்லுங்கள். ஒன்றா, இரண்டா, மூன்றா?"

"எதுங்க சார் நல்லது?"

"பரிந்துரை செய்ய எனக்கு அனுமதி இல்லை."

ஒலிப்பதிவில் இந்த இடத்தில் நாலு விநாடி சத்தமே இல்லை. பிறகு மணிகண்டன் சொல்கிறார்: "சின்னதே போதும் சார். ஒண்ணு அனுப்புங்க."

மச்சான் மேல் பாசமில்லாமல் சொல்லவில்லை. மணிகண்டன் இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருஷம். ரூமுக்கு ஏசி கேட்டபோது எதுவும் வரவில்லை. ஃபேன் கேட்டபோது மூன்று மாதத்தில் ஃபேன் வந்தது. ஒரு மாத லீவு கேட்டவனுக்கு இல்லை என்றார்கள். பத்து நாள் கேட்டவன் ஊருக்குப் போய்விட்டு வந்தான். பெரிதாகக் கேட்டால் ஒன்றும் வராது, சின்னதாகக் கேட்டால் சின்னதாவது வரும். அந்த நாலு விநாடியில் அவர் இந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

"மயக்கத்துக்குக் காரணம்?"

"வெயிலு சார்."

"மணி இப்போது ஒன்று ஐம்பது. பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை வெயிலில் யாரும் வேலை செய்வதில்லை. மதிய ஓய்வுச் சட்டம் இருக்கிறது. வேறு காரணம் சொல்லுங்கள்."

"வேற... வேற ஒண்ணும் இல்லையே சார்."

"மதியம் என்ன சாப்பிட்டார்?"

"சாம்பாரு."

"உணவு ஒவ்வாமை. பதிவு செய்துவிட்டேன். முதல் நிலை வாகனம் வருகிறது."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மச்சான் கார்மேகத்தை சிமென்ட் மூட்டை அடுக்கின நிழலில் படுக்க வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். நாலு பேர் ஹெல்மெட்டைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் கை வைத்தேன், தோசைக்கல்லைத் தொட்டது மாதிரி எடுத்துவிட்டேன். வியர்வை ஒரு சொட்டுகூட இல்லை. "கொக்கிய விடு... கொக்கிய விடுறா..." என்று யாரையோ பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார், கண் யாரையும் பார்க்கவில்லை.

"தண்ணி எங்க?" என்றேன். மணிகண்டன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கை விட்டுப் பார்த்தால் டீ போடலாம். கறுப்புத் தொட்டியில் நாளெல்லாம் வெயிலில் கிடந்த தண்ணீர்.

"ஜெனின்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏழு செயல்கள்."

"சார், இது ஹீட் ஸ்ட்ரோக். உடனே குளிர வைக்கணும். லேட்டானா மூளை போயிரும், கிட்னி போயிரும், ஆளே போயிருவாரு."

"நீங்கள் இப்போது நோயைக் கண்டறிந்துவிட்டீர்கள். கண்டறிதல் மூன்றாம் நிலை. நான் அதைக் கேட்கவில்லை." கோப்பைத் திறந்து காட்டினார். "மேலும், படிவத்தில் உணவு ஒவ்வாமை என்று இருக்கிறது."

மணிகண்டன் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சிஸ்டர், இவரு டாக்டருங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப எதுக்கு இவருகிட்ட கேக்குறீக?"

கார்மேகத்தை ஏற்றினோம். மணிகண்டனும் ஏறிக்கொண்டார். நான் போனில் அனந்தகிருஷ்ணனைப் பிடித்து, நிலையை உயர்த்துங்கள், நீல வண்டி அனுப்புங்கள் என்றேன்.

"நிலையை உயர்த்த நோயாளியின் கையெழுத்து வேண்டும், ஜெனின்."

"அவருக்கு நினைவே இல்ல."

"நினைவில்லாதவர் கையெழுத்துப் போட முடியாதே."

"அதான் சொல்லுதேன்."

"நினைவோடு இருந்தால் போடலாம். ஆனால் நினைவோடு இருப்பவருக்கு ஏன் நிலையை உயர்த்த வேண்டும்?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தங்கச்சி, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விடவா?" என்றார் மூசா அண்ணன். கீழக்கரைக்காரர், பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்.

சேதுமாதவன் சார் திரும்பாமலே சொன்னார்: "பச்சை வண்டிக்கு எமர்ஜென்சி வாசலில் அனுமதி இல்லை. வெளிநோயாளி வாசல்தான்."

"அது ஒரு மணிக்கு மூடி நாலு மணிக்குத்தானே சார் திறக்கும்?"

"ஆமாம். நாலு மணிக்குத் திறக்கும்." நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

ஒரே வழி இருந்தது. ஒரு நோயாளிக்கு ஒரு வண்டி என்பதால், நாங்கள் நிற்கிற இடத்துக்கு நீல வண்டி வராது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கைமாற்ற இடத்தில் சந்திக்கலாம். அது நெடுஞ்சாலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க்.

சைரனும் எங்களுக்கு இல்லை. "ஹார்னாவது அடிக்கலாமா சார்?" என்று மூசா அண்ணன் கேட்டார். "மற்ற வாகனங்களைப் போல" என்று பதில் வந்தது. முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் இன்னொரு லாரி. பின்னால் ஏசி பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கார்மேகத்தின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தேன். பாதரசம் ஏறி ஏறிக் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை.

"சரியாயிருவாரா சிஸ்டர்?" மணிகண்டன் மச்சானின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்க அக்காவ கட்டுனவரு. நாந்தான் விசா வாங்கிக் குடுத்து இங்க கூட்டியாந்தேன்."

முன்சீட்டில் பேனா தயாராக இருந்தது.

"நான் இங்கதான் இருக்கேன்," என்றேன்.

மணிகண்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வெட்கமாக இருந்தது.

பங்க்கில் நீல வண்டி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. அதில் இருந்தவன் பெர்சி; தூத்துக்குடிப் பையன், டிப்ளமோ நர்ஸ், லைசென்ஸ் வந்தவன். வண்டியில் ஆக்சிஜன், ட்ரிப், ஐஸ் பெட்டி, எல்லாம் உண்டு. கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தவன், சேதுமாதவன் சாரைப் பார்த்ததும் நின்றான்.

"எழுதின மதிப்பீடு குடுக்கா," என்றான் என்னிடம், தணிந்த குரலில். "பல்ஸ், பி.பி., டெம்பரேச்சர். அது இல்லாம நாங்க ஆள வாங்க முடியாது."

"எங்களுக்குப் பார்க்க அனுமதி இல்ல பெர்சி. நீ பாரு."

"வாங்கினப்புறம்தான் நான் பார்க்கலாம்."

"பார்த்தாத்தான் வாங்குவ?"

"ஆமாக்கா."

ரெண்டு வண்டியும் பின்பக்கத்தோடு பின்பக்கம் சேர்த்து நின்றன, கதவுகள் திறந்தபடி. நடுவில் ஒன்றரை மீட்டர். கார்மேகம் இந்தப் பக்கம் வெந்துகொண்டிருந்தார். அந்தப் பக்கம் ஐஸ் இருந்தது. மணிகண்டன் அந்த ஒன்றரை மீட்டரைக் காலால் அளந்தே பார்த்துவிட்டார்: "இம்புட்டுத்தானே சிஸ்டர்? நான் தூக்கி வச்சிர்றேனே?"

"தூக்கக் கூடாது!" என்றார் சேதுமாதவன் சார். பிறகு குரலைத் தாழ்த்தி, எங்களுக்கு வகுப்பெடுப்பது மாதிரி பேசினார். "உணர்ச்சிவசப்படாதீர்கள். சட்டம் கருணையில்லாதது அல்ல. ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்குரிய நிலை கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தகுதிக்குக் குறைந்த சிகிச்சை எவ்வளவு தவறோ, தகுதிக்கு மிஞ்சிய சிகிச்சையும் அவ்வளவு தவறு. இன்றைக்கு இவரை மதிப்பீடு இல்லாமல் காப்பாற்றினால், நாளைக்கு எல்லோரும் அப்படியே காப்பாற்றச் சொல்வார்கள். அப்புறம் நிலைகள் எதற்கு? நான் எதற்கு?"

கேள்வி நியாயமானதுதான்.

"வழி இருக்கிறது," என்றார். "இவரைக் கீழே இறக்கி வையுங்கள். நம் சேவை முடிந்தது என்று எழுதிவிடலாம். பிறகு இவர் புதிதாக அழைக்கட்டும்."

இறக்கினோம். பங்க்கின் ஓரத்தில் கார் கழுவுகிற கூடம் இருந்தது. அதன் வாசல் நிழலில் சிமென்ட் தரையில் கிடத்தினோம். மணிகண்டன் போனை எடுத்தார். "சிஸ்டர், எத்தனைன்னு சொல்ல?"

"மூணுன்னு சொல்லுங்க. பெருசு வேணும்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியதைக் கேட்கிற மனுஷனின் குரல் அது; கேட்டுவிட்டுத் தானே பயந்து, "முடிஞ்சா சார்" என்று சேர்த்துக்கொண்டார். சிவப்பு வண்டி முப்பத்தைந்து நிமிஷத்தில் வரும் என்றார்கள். பக்கத்தில் நின்ற நீல வண்டியை யாரும் கூப்பிடவில்லை. மூன்று கேட்டவருக்கு இரண்டைக் கொடுப்பது தரக்குறைவு.

முப்பத்தைந்து நிமிஷம். கார்மேகம் பேச்சை நிறுத்திவிட்டார். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது.

"சார்," என்றேன். "இப்ப இவரு யாரோட நோயாளி?"

"யாருடையவரும் அல்ல. பழைய சேவை முடிந்தது, புதியது தொடங்கவில்லை."

"அப்ப இவரு யாரு?"

"ஒரு பொதுமகன்."

"ஒரு பொதுமகன் மேல இன்னொரு பொதுசனம் தண்ணி ஊத்தினா?"

பக்கங்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். அவர் நெற்றி வியர்த்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பொதுமக்களைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை," என்றார் கடைசியில். அப்புறம் யாரையும் பார்க்காமல், "எனக்கு ஒரு லபான் மோர் வாங்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் பங்க் கடைக்குள் போனார்.

கழுத்திலிருந்து ஐ.டி. கார்டைக் கழற்றினேன். மேலே போட்டிருந்த பச்சை யூனிஃபார்ம் அங்கியையும் கழற்றி இரண்டையும் மூசா அண்ணனின் சீட்டில் எறிந்தேன். "அண்ணே, இப்ப நான் பெட்ரோல் போட வந்த பொம்பள."

"வண்டியில்லாமயா புள்ள?"

"நடந்து வந்தேன்."

கார் கழுவுகிறவர் ஒரு பெங்காலி. ஹபீப் முகம்மது என்று சட்டையில் எழுதியிருந்தது. "சிஸ்டர், ஒன்லி காடி," என்று, வண்டிக்கு மட்டும்தான் என்கிற மாதிரி கையை ஆட்டினார். "பாய், பானி! ஜல்தி!" என்று கத்தினேன். கீழே கிடந்தவரைப் பார்த்தார். அவருக்கு எந்த நிலையும் தெரியாததால் உடனே ஓடிப் போய் ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார். அங்கே தொட்டி பூமிக்கு அடியில் இருந்தது. தண்ணீர் நிஜமாகவே தண்ணீர் மாதிரி வந்தது.

மணிகண்டன் மச்சானின் உடுப்பைக் கழற்றினார். மூசா அண்ணன் தலையை மடியில் தாங்கி ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். உடம்பு முழுக்க நனைத்தோம். கழுவின காரைக் காய வைக்கிற ராட்சத ஊதி ஒன்று அங்கே இருந்தது. "பாய், ஹவா!" என்றேன். திருப்பிவிட்டார். ஈரமும் காற்றும். ஐ.சி.யூ.வில் இதற்குக் கெஞ்சியிருக்கிறேன். இங்கே சோப்பு நுரைக்குப் பக்கத்தில் முழுசாகக் கிடைத்தது. அந்த நேரம் பெர்சி தன் ஐஸ் பெட்டியைத் தூக்கி வந்து எனக்குப் பக்கத்தில் வைத்தான். "பெட்டிய கழுவணும்," என்று காற்றிடம் சொன்னான். பிறகு போய், தன் வண்டியின் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான். இருபது நிமிஷம் அந்த ஒரு டயரையே பார்த்தான்.

கழுத்தில் ஐஸ், அக்குளில் ஐஸ், தொடையிடுக்கில் ஐஸ். நனை, காற்று விடு, தேய். மறுபடி நனை. கை வெட்டுவது நின்றது. நாடி விரலுக்குக் கீழே ஓடின ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. மணிகண்டன் ஓயாமல் "மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளங்காலைத் தேய்த்தார்.

கார்மேகம் கண்ணைத் திறந்தார். ஊதியைப் பார்த்தார், ஹோஸைப் பார்த்தார், மணிகண்டனைப் பார்த்தார்.

"குளிருதுடா," என்றார்.

ஆகஸ்ட் மாதம், மதியம் மூன்று பத்து. மணிகண்டன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சிவப்பு வண்டி வந்தது. டாக்டர் இறங்கி ஈரத் தரையையும் என் நனைந்த சட்டையையும் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. பரிசோதித்துவிட்டு, இவர் இப்போது மூன்றாம் நிலைக்கு உரியவர் இல்லை, இரண்டு போதும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்தில் பெர்சி வாங்கிக்கொண்டான். ஒன்றரை மீட்டரைத் தாண்ட ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது.

ஆறாம் நாள் விசாரணை.

விசாரணை எதற்கு என்று மணிகண்டனுக்குப் புரியவில்லை. "லேட்டானதுக்கா சிஸ்டர்?" என்று வராந்தாவில் கேட்டார். இல்லை, தண்ணீர் ஊற்றினது யார் என்று கண்டுபிடிக்க, என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வந்த கார்மேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிகண்டன் என் பக்கம் குனிந்தார். "உங்க பேரு வந்துச்சுன்னா உங்க பேப்பர நிப்பாட்டி ஊருக்கு அனுப்பிருவாகன்னு டிரைவரண்ணன் சொன்னாரு. நாங்க சொல்ல மாட்டோம், நீங்க கவலப்படாதீக."

உள்ளே தலைமை வகித்தவர் கல்யாணசுந்தரம் சார், கம்பெனியின் சட்ட ஆலோசகர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"நண்பர்களே, ஒரு நோயாளி இறந்தால் நம்மிடம் படிவம் இருக்கிறது. பதினான்காம் எண். நான்தான் வடிவமைத்தேன், மூன்று கையெழுத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒருவர் அனுமதியில்லாமல் பிழைத்துவிட்டால்? எந்த நிலையும் சிகிச்சை அளிக்காதபோது ஒருவர் பிழைப்பது, நிலைகள் மீதே சந்தேகத்தை உண்டாக்குகிறது. இவர் பிழைத்ததில் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. யார் பொறுப்பு என்பதே கேள்வி."

ஒவ்வொருவராகக் கேட்டார். சேதுமாதவன் சார் லபான் வாங்கிக்கொண்டிருந்தார். பெர்சி டயர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் டிரைவரு சார். ரோட்டத்தான் பார்ப்பேன்," என்றார் மூசா அண்ணன்.

"வண்டி நின்றுகொண்டிருந்ததே?"

"நின்னாலும் ரோட்டத்தான் பார்ப்பேன்."

என் முறைக்கு முன்னால் கார்மேகத்தைக் கேட்டார். கார்மேகம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே சொன்னார்: "யாரும் ஒண்ணும் செய்யல சார். நானாத்தான் எந்திரிச்சேன்."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சேதுமாதவன் சார் முகம் மலர்ந்தது. கல்யாணசுந்தரம் சார் பேனாவை மூடினார். "அருமை. அப்படியானால் விதிமீறலே இல்லை. ஐம்பது நிமிடம் இரண்டு வாகனங்கள் அருகில் இருந்தும் ஒருவர்கூட சிகிச்சை அளிக்கவில்லை. நம் கம்பெனியின் ஒழுக்கத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? எல்லோருக்கும் பாராட்டுக் கடிதம் வரும்."

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். 'அளிக்கப்பட்ட சிகிச்சை' என்ற இடத்தில் 'இல்லை' என்று டைப் அடித்து வைத்திருந்தது. மணிகண்டன் கண்ணாலேயே, போடுங்க சிஸ்டர், என்றார். போட்டால் முடிந்தது. சரிபார்ப்பு இன்னும் ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வந்துவிடும். பேனாவை எடுத்தேன்.

கல்யாணசுந்தரம் சார் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே போனார். "இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெயில் மயக்கம் தானாகவே தெளியும் என்று இந்த வழக்கு நிரூபித்துவிட்டது. இனி இந்த மாதிரி அழைப்புக்கெல்லாம் பச்சை வண்டி மட்டும் போதும் என்று சுற்றறிக்கை அனுப்பிவிடலாம். நீல வண்டிகளிலிருந்து ஐஸ் பெட்டியையும் எடுத்துவிடலாமே, சேது?"

"எடுத்துவிடலாம் சார். இடமும் மிச்சம்."

ஆகஸ்ட் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. செப்டம்பரும் அங்கே ஆகஸ்ட்தான்.

'இல்லை' என்பதைக் குறுக்கே அடித்தேன். அந்த இடம் ஒரு வரிதான் இருந்தது, போதாது. தாளைத் திருப்பிப் போட்டேன். ஐ.சி.யூ.வில் டியூட்டி மாறும்போது எழுதுவது மாதிரி எழுதினேன். 2.45: நோயாளி நினைவிழந்த நிலை, வலிப்பு, தோல் வறண்டு மிகுந்த சூடு. 2.47: உடைகள் அகற்றப்பட்டன. தண்ணீர் தொடர்ச்சியாக. ஊற்றியவர் ஜெனின், பி.எஸ்.சி. நர்சிங்.

"அம்மா," என்று கல்யாணசுந்தரம் சார் எழுந்துவிட்டார். "பின்பக்கம் எழுத அனுமதி இல்லை."

"ஏன் சார்?"

"பின்பக்கத்தை ஸ்கேன் செய்வதில்லை!"

நான் நிறுத்தவில்லை. எழுத எழுத வாயாலும் சொல்லிக்கொண்டிருந்தேன் போல. 2.49: ஐஸ், கழுத்திலும் அக்குளிலும்.

"தொடையிடுக்குலயும் வச்சீக சிஸ்டர்," என்றார் மணிகண்டன். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பயந்தார், ஆனால் உட்காரவில்லை. "அத விட்டுட்டீக. அதையும் போடுங்க."

"காத்து அடிச்ச மிஷினு," என்றார் கார்மேகம். "அதுலதான் எனக்குக் குளிர் எடுத்துச்சு. போட்டீகளா?"

"போடுதேன்."

"தலையப் பிடிச்சது மூசா," என்று மூசா அண்ணனே சொன்னார். " பேர எழுது புள்ள."

பெர்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஐஸ் பெட்டி எங்க வண்டியோடது," என்றான். "நான்தான் கொண்டுவந்து வச்சேன்."

மணிகண்டன் என் தோளுக்கு மேலே குனிந்து, தனக்குப் படிக்க வராத அந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே, நடந்ததை வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டு வந்தார். 2.55 வந்தபோது தாள் நிறைந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருந்தது.

"சார், இன்னொரு தாள் கொடுங்க," என்றேன்.

சேதுமாதவன் சார் கையில் வெள்ளைத் தாள் கட்டு இருந்தது. அவர் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கோப்பைத் திறந்து, தாள் கொடுப்பது எந்த நிலையில் வருகிறது என்று தேட ஆரம்பித்தார்.